மேலே தணல், கீழே தணல்

ஹட்டன் நகருக்கு அணித்தாயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே முதியவர் ஒருவர் வாழ்கின்றார். 1965 ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவனாக விறகு சுமந்து துரை பங்களாவின் குசினிக்குள் நுழைந்தவர்; நாற்பதாண்டுக்கு மேல் அங்கேயே சமைத்து ஓய்ந்தவர். 1975 இல் கும்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைத் துரைமார் நாடு திரும்பிய பின்னும், புதிய துரைமார் அவர் கைப்பக்குவத்தை விட்டாரல்லர். அவர் மகள் என் மாணவி. இன்று கொழும்பிலே ஆசிரியை.

சென்ற மார்கழியில் அவர் என்னை நாடி வந்தார். "வாத்தியார் ஐயா, மக பங்களா மீனு கேக்குது. போன்ல சொன்னா மாவு கட்டி கட்டியாப் போயிருதாம். எனக்கு எழுத வராது. நீங்க எழுதிக் குடுங்க" என்றார்.

நன்னூலும் தொல்காப்பியமும் கற்பித்தே காலங்கழித்த எனக்குப் பாகநூல் எழுதும் பணி வருமென்று யார் கண்டார்? ஆசிரிய நண்பர்கள் நகைப்பர் என்பதையும் அறிவேன். ஆயினும் அடுத்த ஞாயிறன்று தாளும் பேனாவுமாக அவர் இல்லம் சென்றேன். யாழ்ப்பாணத்தவனாகிய நான், மலைநாட்டிலே இருபதாண்டு ஆசிரியனாயிருந்தும், லயத்து வீடொன்றில் உணவருந்த அமர்ந்தது அன்றுதான் முதன்முறை. இதனைச் சொல்ல நாணுகிறேன்; சொல்லாமல் விடுவதற்கும் மனம் ஒப்பவில்லை.

கரையோரத்திலிருந்து வந்த கொடுவா மீன். ஓரங்குலப் பருமனான நான்கு துண்டங்களில் உப்பும் மிளகுத்தூளும் தேசிக்காய்ச் சாறும் தடவிக் கால்மணி நேரம் வைத்தார். பின்பு துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தார். ஒற்றாவிடின் மீன் விடும் நீரால் குழம்பு நீர்த்துப்போமாம்.

இனி, மகளை வருத்திய மாவு. இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, அதே அளவு கோதுமை மாவை இட்டு, நிறம் மாறாமல் வறுத்தார். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியே, ஆறிய பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்தார். இரண்டு கோப்பைப் பாலும் சேர்ந்த பின்னரே மீண்டும் அடுப்பேற்றிக் கைவிடாது துழாவினார். கொதிக்கும் பாலில் வெறும் மாவைக் கொட்டினால், மேற்புறம் வெந்து உள்ளே உலர்ந்த மாவு கட்டியாகி நிற்கும். வெண்ணெய் பூசிய மாவோ ஒன்றோடொன்று ஒட்டாது. அவர் இதனை எனக்கு விளக்கவில்லை. "அவசரப்படாதீங்க" என்றதோடு சரி. இறுதியிற் பாலாடையும் சிறிது சாதிக்காய்த் தூளும் சேர்ந்தன. "பால்கஞ்சி ஆயிருச்சா?" என்று அவர் மனைவியார் உள்ளிருந்து கேட்டார்.

பங்களாவில் இரும்பு அடுப்புண்டு, லயத்தில் ஏது? கனத்த இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மீனும் குழம்பும் இட்ட தட்டை வைத்து மூடி, கீழே தணல், மூடியின் மேலும் தணல். இருபது நிமிடத்தில் மேற்பரப்பு பொன்னிறமாயிற்று. கரண்டி முனை பட்டதும் தசை இதழிதழாகப் பிரிந்தது. உடனுண்ண உருளைக்கிழங்கை அவர் முன்னதாகவே அடுப்பேற்றியிருந்தார். மலையுயரத்திலே நீர் குறைந்த வெப்பத்திற் கொதித்துவிடுவதாற் கிழங்கு வேகக் காலம் மிகும்.

எழுதுகையில் ஒரு சொல் என்னை இடறியது. பட்டினப்பாலையிற் பரதவர் இறாலைச் சுட்டுத் தின்பர். ஆமையைப் புழுக்கி உண்பர். இதுவோ சுட்டதுமன்று, புழுக்கியதுமன்று. 'போறணையில் வேகவைத்து' என எழுதலாமெனின், போறணையும் குசினியும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். "என்ன ஐயா யோசிக்கிறீங்க? மேல தணல், கீழ தணல்னு எழுதுங்க, புள்ளைக்கு விளங்கும்" என்றார். அவ்வாறே எழுதினேன்.

பின்பு நால்வர்க்கும் தட்டு வைத்தனர். அவர் நின்றுகொண்டே இருந்தார். "இத்தனை வருசமும் பரிமாறித்தான் பழக்கம். உப்புப் பாக்க ஒரு சொட்டு நாக்குல வெச்சதோட சரி" என்றார். மனைவியார் அதட்டிய பின்பே அமர்ந்தார். ஒரு துண்டத்தை உண்டு நெடுநேரம் பேசாதிருந்து, "மிளகு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். "கொடுவா கெடைக்காட்டி பாரையும் ஆகும்னு போடுங்க" என்றார், சேர்த்தேன். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களுள் ஒருவர் அவர். 2003 இற் குடியுரிமைக்கு வழி பிறந்தபோது, படிவத்திற் கையொப்பமிடவே தம் பெயரை எழுதக் கற்றவர். பேனாவை வாங்கி, தாளின் அடியிலே அந்தப் பெயரை மெல்ல எழுதினார்.