கொட்டகையிலும் ஒழுங்கு வேண்டும்

பயிர்த் தொழிலில் விதைக்கும் உரத்துக்கும் நீருக்கும் தரப்படும் கவனம், வேலை நடைபெறும் இடத்துக்குத் தரப்படுவதில்லை. ஆலைகளில் எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும், எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்கு இவையெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் விதை, உரம், பூச்சிமருந்து, இயந்திரம், மின்சாரம், கூலியாட்கள் ஆகிய அனைத்தும் கூடும் இடம் அவருடைய சிறு கொட்டகையும் களமுமே. இடம் சிறியதாக இருப்பதால்தான் ஒழுங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதற்குப் பெரும் செலவு இல்லை. நான்கு விதிகளைக் கடைப்பிடித்தால் போதும்.

வேண்டாதவற்றை அகற்றுதல்

பருவம் தொடங்குமுன் ஒரு நாள் கொட்டகையில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். இப்போது பயன்படுபவை, பழுது பார்க்க வேண்டியவை, கழிக்க வேண்டியவை என மூன்றாகப் பிரிக்க வேண்டும். கிழிந்த சாக்கும் உடைந்த காம்பும் எலிக்கும் பாம்புக்கும் புகலிடமாகும்.

பூச்சிமருந்து தீர்ந்த புட்டிகளை மும்முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, புட்டியில் துளையிட்டுவிட வேண்டும். எண்ணெய் வாங்கவோ தண்ணீர் மொள்ளவோ அவற்றை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். அந்தச் சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரிய வந்தது. உணவுப் பொருளும் மருந்தும் எங்கும் எப்போதும் சேரக் கூடாது. காலாவதியான மருந்தைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம்

பூச்சிமருந்துக்குப் பூட்டுள்ள ஒரு மரப்பெட்டி போதும். அது வீட்டுக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கோபத்திலோ மனவேதனையிலோ இருப்பவர் கைக்கு மருந்து உடனே கிடைக்காமல் இருப்பதும் ஓர் உயிரைக் காக்கும். மருந்தை வேறு புட்டிக்கு மாற்றக் கூடாது. புட்டியின் லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் நிறம் நச்சின் அளவைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கடுமையானது. மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறையும். ஆபத்து நேர்ந்தால் அந்தப் புட்டியையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உர மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். யூரியா ஈரத்தை இழுக்கும். வாய் திறந்த மூட்டை கட்டியாகிவிடும். பலர் உரத்தை மோட்டார் அறையிலேயே வைக்கின்றனர். உரம் உலோகத்தை அரிப்பதால் ஸ்டார்ட்டர் பழுதாகும். விதையை உரத்துடனும் மருந்துடனும் சேர்த்து வைக்கக் கூடாது. விதைநெல்லை 13 சதவீத ஈரத்துக்கு மேற்படாமல் காயவைத்துத் தனியே சேமித்தால்தான் முளைப்புத்திறன் குறையாது.

களைக்கொல்லிக்கு ஒரு தெளிப்பான், பூச்சிமருந்துக்கு ஒரு தெளிப்பான் எனத் தனித்தனியே வைத்து, களைக்கொல்லித் தெளிப்பானுக்குச் சிவப்பு வண்ணம் பூசிவிட வேண்டும். 2,4-டி தெளித்த தெளிப்பானிலேயே பருத்திக்கு மருந்து அடித்தால், எஞ்சிய சிறு அளவே இலைகளைச் சுருக்கிக் குறுகலாக்கிவிடும். தனித் தெளிப்பான் வாங்க இயலாதவர்கள் இரவல் வாங்கியாவது பருத்திக்கு வேறு தெளிப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

வேலைக்கு முன் ஆயத்தம்

பத்து ஆட்கள் வந்து நின்ற பின் அரிவாளையும் கயிற்றையும் தேட அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீணானது அரை மணி அல்ல. பத்துப் பேருக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம். கூலி கொடுத்தும் வேலை நடக்கவில்லை. எனவே முதல் நாள் மாலையே அரிவாள் தீட்டுதல், சாக்கு எண்ணுதல், தார்ப்பாய் உதறுதல், குடிநீர்ப் பானை நிரப்புதல் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். காலையில் யாருக்கு எந்த வேலை, எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். வெயில் ஏறுமுன் கடின வேலையை முடிப்பது ஆட்களுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது.

ஒருவர் பொறுப்பு

எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை. கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் ஒருவரே பொறுப்பாக இருக்க வேண்டும். தொங்கும் முந்தானை, அவிழ்ந்த வேட்டி, துண்டு ஆகியவற்றுடன் யாரும் அருகில் செல்லக் கூடாது. சிக்கிய தாளை, இயந்திரம் முற்றிலும் நின்ற பின்னரே எடுக்க வேண்டும். இத்தகைய இயந்திரங்களால் கைகளை இழந்தவர்கள் உண்டு. விசையால் இயங்கும் கதிரடிப்பான்களின் பாதுகாப்புக்கென 1983இல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியது.

மோட்டாரில் பழுது பார்ப்பவர் மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உள்ளே இருப்பதை அறியாமல் வேறு யாரும் சுவிட்சைப் போட்டாலும் மோட்டார் ஓடாது.

சுவரில் ஓர் ஆணியடித்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடலாம். எடுத்த உரம், அடித்த மருந்து, வந்த ஆட்கள் ஆகியவற்றைத் தேதியுடன் வீட்டில் எழுதத் தெரிந்தவர் குறித்து வரலாம். அடுத்த பருவத்தில் எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும்.

ஒரு பூட்டு, சிறிது வண்ணம், நான்கு பலகைகள், ஒரு நாள் உழைப்பு ஆகியவையே இதற்கான செலவு. நாற்றங்கால் விடுமுன் இதைச் செய்து முடிக்கும் உழவர், பருவம் முழுவதும் தேடும் வேலை மிச்சமாவதையும், வீட்டாரும் ஆட்களும் பாதுகாப்பாக இருப்பதையும் காணலாம்.