தகவமை காணொளி ஓடை

இணையக் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அப்போது கிடைக்கும் வலையமைப்பு வேகத்திற்கு ஏற்ப அதன் தரத்தைக் கூட்டியும் குறைத்தும் பெறும் முறை தகவமை காணொளி ஓடை எனப்படும். அடாப்டிவ் ஸ்ட்ரீமிங் என்றும் இதைக் குறிப்பிடுவர். யூடியூபில் 'ஆட்டோ' என்று நாம் காணும் தேர்வு இதுவே.

ஒரே காணொளி 144பி, 360பி, 720பி எனப் பல தரங்களில் முன்னதாகவே தயாரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வழங்கியில் வைக்கப்படுகிறது. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வழங்கி அல்ல. நம் கைபேசியில் உள்ள இயக்கிதான். ஆப்பிள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்.எல்.எஸ்., 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளியான டேஷ் ஆகிய இரண்டும் இவ்வாறே இயங்குகின்றன.

திருச்சி அரியமங்கலத்தில் பேருந்தில் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையம் செல்லும் மாணவர் ஒருவர் பாடக் காணொளி பார்ப்பதாகக் கொள்வோம். 720பி தரத்திற்கு நொடிக்கு 2.5 மெகாபிட் தேவை என்றால், 6 நொடித் துண்டின் அளவு 15 மெகாபிட். வேகம் 3 மெகாபிட்டாக இருந்தால் அது 5 நொடியில் வந்துவிடும். வழியில் வேகம் 1 மெகாபிட்டாகக் குறைந்தால் 15 நொடி ஆகும். கையிருப்பில் 20 நொடிக் காணொளி இருந்தாலும், முதல் துண்டு வந்து சேரும்போது மீதி 11 நொடிதான். இரண்டாவது துண்டு வருவதற்குள் படம் நின்றுவிடும். 0.7 மெகாபிட் தேவைப்படும் 360பிக்கு இறங்கினால் ஒரு துண்டு 4.2 நொடியில் வரும். படம் மங்கும், ஆனால் பாடம் தடைப்படாது.

எப்போது இறங்குவது என்பதே கடினமான கேள்வி. கைபேசி வலையமைப்பில் கடந்த நொடியின் வேகத்தை வைத்து அடுத்த நொடியைக் கணிப்பது எளிதன்று. எனவே, வேகத்தைக் கணிக்காமல் கையிருப்பின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் முறைகள் தோன்றின. அவற்றுள் 2016இல் வெளியான போலா குறிப்பிடத்தக்கது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் சென்னை ஐஐடியில் பயின்ற ரமேஷ் சீதாராமன். காணொளி தொடங்க 2 நொடிக்கு மேல் தாமதமானால் பார்வையாளர்கள் விலகத் தொடங்குகிறார்கள் என்று காட்டிய 2012ஆம் ஆண்டு ஆய்விலும் அவர் பங்கேற்றார்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு கைபேசியும் தனக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தரத்தையே நாடும். அக்கம்பக்கத்தாரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கால் வலையமைப்புகளில் நெரிசல் கூடியபோது, கைபேசி வலையமைப்புகளில் 480பிக்கு மேல் வழங்குவதில்லை என ஹாட்ஸ்டார், நெட்ஃபிளிக்ஸ், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. கைபேசிகள் தாமாகச் செய்யாத விட்டுக்கொடுத்தலை, மேல் தரங்களை நீக்கிச் செய்ய வேண்டியிருந்தது.

'ஆட்டோ' நம் டேட்டாவை மிச்சப்படுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் நன்றாக இருந்தால் அது தரத்தை உயர்த்தவே செய்யும். மேற்கண்ட கணக்கின்படி ஒரு மணி நேரப் பாடத்திற்கு 720பியில் சுமார் 1,125 மெகாபைட் செலவாகும். 360பியில் 315 மெகாபைட். நாளொன்றுக்கு 1.5 ஜிபி மட்டுமே உள்ளவர்கள் தரத்தைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது.