கல் போனது, பெட்டி இருக்கிறது
சாரல் நாட்டுச் சுவடுகள் – 12

சென்ற வாரம் மணியாச்சி ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கே 1911 ஜூன் 17 அன்று செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற கலெக்டர் ஆஷின் நினைவாகத் தூத்துக்குடியில் எழுப்பிய மண்டபம் இன்றும் நிற்கிறது. சுதந்திர இந்தியா அதில் கைவைக்கவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். பிடிக்காத சரித்திரமும் கண்ணெதிரே நிற்கட்டும். ஆனால் ஆஷ் யாருக்காக வேலை பார்த்தாரோ அந்தச் சாம்ராஜ்யம், 1945இல் சிங்கப்பூரில் நம்மவர்களின் சின்னம் ஒன்றை அப்படி விட்டுவைக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, சிங்கப்பூர் எஸ்பிளனேடு கடற்கரையில், இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்ட பெயர் தெரியாத வீரர்களுக்கான நினைவுச்சின்னத்துக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். இம்பால் படையெடுப்பு முந்தைய ஆண்டே தோற்றிருந்தது. மே மாதம் ரங்கூனும் கையைவிட்டுப் போயிருந்தது. வெற்றியைக் கொண்டாட எழுந்த கட்டடம் இல்லை அது. எல்லாம் முடியப்போகிறது என்று தெரிந்த பின்பும், செத்தவர்களை மறந்துவிடக் கூடாது என்று அவசர அவசரமாக எழுப்பியது. கட்டி முடிக்கும் பொறுப்பை ஏற்றவர் கர்னல் சிரில் ஜான் ஸ்ட்ரேசி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள் தரும் மூன்று உருதுச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்தது. மறுநாள் போஸ் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 5இல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்து இறங்கியது. நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் உத்தரவுப்படி அந்த மாதமே அந்தச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதே கடற்கரையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக பிரிட்டிஷார் எழுப்பிய நினைவுத்தூண் பத்திரமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

இடிபட்டதன் துண்டு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மிஞ்சுவதில்லை. 1956 அக்டோபரில் புடாபெஸ்ட் நகரத்து மக்கள் ஸ்டாலின் சிலையைக் கவிழ்த்தபோது, வெண்கலத்தைச் சுத்தியலால் உடைத்துத் துண்டு துண்டாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பெர்லின் சுவரும் அப்படியே உலகெங்கும் அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கெல்லாம் இடித்தவர்களே எடுத்துவைத்தார்கள். அந்தத் துண்டு அவர்களுக்கு வெற்றியின் அடையாளம். சிங்கப்பூரில் இடித்தது ஒரு கை, அழுதது வேறு கண். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களை அப்போது பிரிட்டிஷார் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பட்டயத்தையோ தொப்பிச் சின்னத்தையோ வைத்திருப்பதே ஆபத்து. 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூர் வந்தபோது, அந்த இடத்தில் மலர்வளையம் வைக்கும் விழா வேண்டாம் என்று மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொண்டார், நேருவும் ஒப்புக்கொண்டார். பின்னாளின் பிரதமருக்கே இதுதான் நிலைமை என்றால், ரப்பர் தோட்டத்துக் கூலித் தமிழனின் பாடு என்னவாக இருந்திருக்கும்?

அந்தப் படையில் மலாயாவின் தோட்டத் தமிழர்கள் பெரும் பங்கு. கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணி படைப்பிரிவில் துப்பாக்கி தூக்கிய பெண்களிலும் பலர் பால்மரம் சீவிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். போர் முடிந்து கப்பலேறி ஊர் திரும்பியவர்கள் கையில் கொண்டுவந்தது கொஞ்சம்: இந்தியச் சுதந்திர லீக்கின் சந்தா ரசீது, ஒரு படம், வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் காலத்து டாலர் நோட்டு, தைத்துப் பிரித்த ஒரு துணிப்பட்டை. கல்லை அவர்களால் எடுத்துவர முடியவில்லை. அந்தக் கல் யாருக்காக நின்றதோ அவர்களின் மிச்சம் இவைதான்.

பல வருடம் இவை பெட்டிக்கு அடியிலேயே கிடந்தன. 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் அறிவித்தபோது சில வெளியே வந்தன. சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும், உடன் இருந்தவர் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார்கள். பயந்து ஒளித்த காகிதமே சோறு போடும் காகிதமானது. சான்று காட்ட முடியாதவர்கள் கதையைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்கள்.

செங்கோட்டை பக்கம் இலத்தூர் டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "எங்க தாத்தாவும் மலேயால பட்டாளத்துல இருந்ததாச் சொல்லுவாங்க, அண்ணாச்சி. தகரப்பெட்டி ஒண்ணு கிடந்துச்சு. வீடு இடிச்சுக் கட்டையில பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்." உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். "காயிதம்தான்" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தக் காகிதம் எதற்கு என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நினைவுப்பொருள் சேர்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) என்று அச்சிட்ட அஞ்சல்தலைகள் சந்தையில் கிடைக்கின்றன. அவை ஜெர்மனியில் அச்சானவை, ஒரு கடிதத்திலும் ஒட்டிப் போனதில்லை. போஸ் படம் போட்ட வங்கி நோட்டுகளிலோ போலி ஏராளம். பணம் கொடுத்து இவற்றை வாங்கிச் சட்டம் போடுவதைவிட, கசங்கிய ஒரு ரசீதை அது யாருடையது, எந்தத் தோட்டம், யார் கைக்கு எப்படி வந்தது என்ற விவரத்தோடு காப்பாற்றுவது மேல். விவரம் அறுந்த பொருள் வியாபாரிக்கு மட்டுமே உதவும். பட்டயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். காகிதத்தை லேமினேட் செய்யவே வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள், எழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்குத் திருநெல்வேலி அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கொடுக்கும்போது எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் போர் முடிந்த 50ஆம் ஆண்டான 1995இல், இந்தியச் சமூகத்தாரின் நன்கொடையோடு தேசிய மரபுடைமைக் கழகம் சின்னம் இருந்த இடத்தில் ஒரு நினைவுப்பலகை வைத்தது. மணிப்பூரில், 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவம் கொடியேற்றிய மொய்ராங்கில், இடித்த சின்னத்தின் மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் செங்கோட்டையிலும் (டில்லிச் செங்கோட்டைதான்) நேதாஜிக்கும் அவர் படைக்குமான அருங்காட்சியகம் திறந்தார்கள். போஸ் அமர்ந்த நாற்காலியும் அவருடைய வாளும் அங்கே இருக்கின்றன. தலைவரின் பொருளுக்குக் கண்ணாடிப் பேழை கிடைத்துவிட்டது. பெயர் தெரியாதவர்களின் பொருள், அவர்களுக்காகத்தானே அந்தக் கல்லே நட்டார்கள், இன்னும் நம் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கிறது. நம் வட்டாரத்தில் மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்வந்த பெரியவர் இருந்த வீடு எதுவானாலும், இந்தத் தீபாவளிக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போது தகரப்பெட்டியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

(தொடரும்)