நீர்வீழ்ச்சி முறையும் அதன் மூலக் கட்டுரையும்

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதி மென்பொருள் எனப்படும். அதனை ஆக்கும் முறைகளுள் பெரிதும் பேசப்படுவது நீர்வீழ்ச்சி முறையாகும். மேற்படியிலிருந்து வீழ்ந்த நீர் மீண்டும் மேலேறுவதில்லை. அதுபோல, ஒரு கட்டம் முற்றுப்பெற்ற பின்னரே அடுத்தது தொடங்கும். முடிந்த கட்டத்துக்கு மீளுதல் இல்லை என்பதே இம்முறையின் இலக்கணம்.

இதற்கு மூலமாகக் காட்டப்படுவது, வின்ஸ்ரன் றோய்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும். விண்கலப் பணிகளுக்கான மென்பொருளாக்கத்தில் அவர் பெற்ற அனுபவமே அதன் அடிப்படை. முழுத் தொகுதியின் தேவைகள், மென்பொருளின் தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, கட்டளை எழுதுதல், சோதித்தல், பயன்படுத்தல் என ஏழு படிகளை அவர் படமாக வரைந்து காட்டினார். ஆயினும், நீர்வீழ்ச்சி என்னும் பெயரை அவர் யாண்டும் வழங்கவில்லை. அப்பெயர் பெல், தேயர் என்னும் இருவர் 1976 இல் எழுதிய கட்டுரையிலேயே முதற்கண் வந்ததாகக் கருதப்படும்.

படிமுறையின் அடிப்படையை உடன்பட்ட றோய்ஸ், அதனை உள்ளவாறே கையாளுதல் இடர் மிக்கது, தோல்வியை வருவிப்பது என்று எச்சரித்தார். காரணம் யாது? வேகம், நினைவகக் கொள்ளளவு முதலியன அதுவரை ஏட்டளவில் ஆராயப்பட்டனவேயன்றி, அனுபவத்தில் அறியப்பட்டன அல்ல. அவை மெய்யாக வெளிப்படுவது இறுதியில் வரும் சோதனையிலேயாம். ஆங்குக் குறை காணப்படின், வடிவமைப்பையோ தேவைகளையோ மாற்ற நேரிடும். காலமும் செலவும் இருமடங்காதலுங் கூடும்.

இதற்கு அவர் ஐந்து பரிகாரங்கள் கூறினார். புதிதாக ஆக்கப்படுவதை இருமுறை செய்க என்பது அவற்றுள் ஒன்று. 30 மாதப் பணியாயின், 10 மாதத்தில் முன்மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்பது அவர் காட்டிய கணக்கு. பயன்கொள்வோரைத் தொடக்கத்திலிருந்தே உடன்சேர்த்தல் மற்றொன்று.

ஆனால் படம் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை. சிறிது சிறிதாக ஆக்கி, மாற்றத்தை ஏற்று முன்செல்லும் நெறியை வற்புறுத்திப் 17 பேர் 2001 இல் அறிக்கை விடுத்தபோது, அது நீர்வீழ்ச்சி முறைக்கு எதிரான புதுக்குரலாகவே பலராலும் கொள்ளப்பட்டது. அதன் கூறுகள் சில 1970 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள. எனினும், தேவைகள் தெளிவாகவும் மாறாதனவாகவும் உள்ளவிடத்து, படிமுறை ஒழுங்கு இன்றும் பயன்படுவதே.

நூலுக்குரிய எழுவகை மதங் கூறிய நன்னூலார், உடன்படலையும் மறுத்தலையும் வேறாக வைத்து எண்ணினார். றோய்ஸின் கட்டுரையில் அவ்விரண்டும் உள. படத்தை மட்டும் கண்டோர் அவர் உடன்பட்டதைக் கொண்டு, மறுத்ததைக் கைவிட்டனர். மூலத்தை முற்றக் கற்றல் இலக்கிய மாணவர்க்கு மட்டும் உரிய கடனன்று.