மீன் படகா? போர்ப் படகா?

1904-ம் ஆண்டு. ரஷியாவுக்கும் ஜப்பானுக்கும் போர். கிழக்கே போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் ரஷியக் கப்பல்கள் சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்க, ஐரோப்பாவில் இருந்து ஒரு பெரிய கடற்படை அக்டோபரில் புறப்பட்டது. தளபதியின் பெயர் ரோஷஸ்ட்வென்ஸ்கி. போகவேண்டிய தூரம், பாதி உலகம்!

மாலுமிகளில் பலருக்கு அரைகுறைப் பயிற்சிதான். அவர்களிடையே ஒரு புரளி கிளம்பியது. "டென்மார்க் அருகிலேயே ஜப்பான்காரன் டார்ப்பீடோ படகுகளை ஒளித்து வைத்திருக்கிறான்!"

டார்ப்பீடோ என்பது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலை உடைக்கும் குண்டு. ஜப்பான் எங்கே, டென்மார்க் எங்கே? அத்தனை சிறிய படகு அவ்வளவு தூரம் எப்படி வரும்? கரிக்கு எங்கே போகும்? இதை யாரும் யோசிக்கவில்லை. உளவாளிகளும் "ஆமாம், ஆமாம்" என்றே எழுதி அனுப்பினார்கள். பீரங்கிகளில் குண்டு போட்டு, மாலுமிகள் விழித்துக் கிடந்தார்கள்.

அக்டோபர் 21-ந் தேதி இரவு. பின்தங்கி வந்த "கம்சத்கா" என்ற கப்பல் அலறியது. டார்ப்பீடோ படகுகள் துரத்துகின்றனவாம்! எத்தனை என்று தளபதி கேட்டார். சுமார் எட்டு, எல்லாப் பக்கமும் என்று பதில் வந்தது. அங்கே ஒன்றுகூட இல்லை.

நள்ளிரவில் வெடி!

நள்ளிரவுக்குப் பிறகு வடகடலில் டாகர் பாங்க் என்ற இடம். ஆழம் குறைவு, மீன் அதிகம். இங்கிலாந்தின் ஹல் நகர மீனவர்கள் அங்கே வலை போட்டிருந்தார்கள். திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்! ஏதோ கடற்படை ஒத்திகை என்று எண்ணி, அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மறுகணம் குண்டுமழை பொழிந்தது. "நாங்கள் மீனவர்கள்" என்று காட்ட, சிலர் மீனைத் தூக்கிப் பிடித்தார்கள். பலன் இல்லை. "கிரேன்" என்ற படகு மூழ்கியது. இரண்டு பேர் அங்கேயே மாண்டார்கள். இன்னொருவர் பிறகு இறந்தார். குறி மட்டும் சரியாக இருந்திருந்தால், ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்!

கொடுமை அதோடு முடியவில்லை. தங்கள் சொந்தக் கப்பலான "அரோரா"வையும் சுட்டார்கள். அதிலிருந்த பாதிரியார் படுகாயம் அடைந்து, பின்னர் இறந்தார்.

விசாரணை

இங்கிலாந்து கொதித்தது. போர் மூளும் நிலை. பாரிசில் ஐந்து நாட்டுக் கடற்படைத் தளபதிகள் கூடி விசாரித்தார்கள். ரோஷஸ்ட்வென்ஸ்கியோ, "ஜப்பான் படகுகள் இருந்தன" என்றே சாதித்தார். பயந்துவிட்டோம் என்று சொல்ல வாய் வருமா? படகுகளே இல்லை என்று 1905 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ரஷியா சுமார் 66 ஆயிரம் பவுன் நஷ்டஈடு கொடுத்தது.

அதே ஆண்டு மே மாதம், சுஷிமா அருகே, அவர்கள் உண்மையான ஜப்பான் கடற்படையைச் சந்தித்தார்கள். இரண்டே நாளில் ரஷியப் படை அழிந்தது. கம்சத்காவும் மூழ்கியது.

இறந்த மீனவர்களுக்கு ஹல் நகரில் 1906-ல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கையை உயர்த்தியபடி ஒரு மீனவர் அங்கே சிலையாக நிற்கிறார்.