மஜ்ஜை தருபவன் கூலி இழப்பதா?

தோழர்களே! பள்ளிக்கரணையிலிருந்து பெருங்குடிக்கு வேலைக்கு விரையும் உழைப்பாளியிடம் கேளுங்கள்: "எலும்பு மஜ்ஜையா? முதுகெலும்பைத் துளைப்பார்களே!" என்று அஞ்சுவான்.

அச்சம் அறியாமையின் பிள்ளை! பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி. பிறகு கை நரம்பு வழியே சில மணி நேரம் குருதி எடுத்து, மூல உயிரணுக்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடலுக்கே திருப்பி விடுகிறார்கள். இறைத்த கிணறாய்ச் சில வாரங்களில் ஊறிவிடும்.

இரத்தப் புற்றுநோயாளிக்கு உடன்பிறந்தவன் பொருந்துவது நான்கில் ஒரு வாய்ப்பே. பொருந்தும் அந்நியனைத் தேடித்தரச் சென்னையில் 2009 முதல் 'தாத்ரி' பதிவேடு இருக்கிறது.

பதிவேடு இருக்கிறது, விடுப்பு இருக்கிறதா? அமெரிக்க நடுவணரசு தன் ஊழியர்க்கு இதற்கென ஆண்டுக்கு 7 நாள் ஊதிய விடுப்பு தருகிறது. இங்கே தினக்கூலிக்காரன் வராத நாளெல்லாம் உலை ஏறாத நாள்! உயிர் தருபவன் சோறு இழப்பதா? சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இதை எழுதுங்கள். ஆலை வாயிலில் அச்சம் போக்கக் கூட்டம் போடுங்கள்!