நிலப் பத்திரத்தை வெளியே எடுக்கும் முன்: எம்.பி.ஏ. பற்றி விவசாயக் குடும்பங்கள் கேட்க வேண்டியவை

பள்ளிப்பட்டு வட்டத்தில் டிகிரி முடித்த பிள்ளை இல்லாத தெரு இப்போது குறைவு. பி.காம்., பி.எஸ்சி., இன்ஜினீயரிங் என்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு, ஒரு வருடம் அங்கும் இங்கும் வேலை தேடிவிட்டு, "எம்.பி.ஏ. படிக்கிறேன்" என்று பிள்ளை வந்து நிற்கும். பெற்றோருக்கு அந்தப் படிப்பு என்னவென்று தெரியாது. ஆனால் இரண்டு வருடச் செலவு லட்சக்கணக்கில் என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். கரும்புப் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத வீட்டில், அடுத்ததாகப் பேச்சுக்கு வருவது நகையும் நிலப் பத்திரமும்தான்.

சொட்டுநீர் மானியம் எவ்வளவு, எந்தக் கம்பெனி குழாய் நல்லது என்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிற விவசாயி, பிள்ளையின் கல்லூரி விஷயத்தில் ஒருவரிடமும் கேட்காமல் பணம் கட்டிவிடுகிறார். கேட்டால், "படிப்பு விஷயம், நமக்கு என்ன தெரியும்?" என்பார். எம்.பி.ஏ.வில் கற்றுக்கொடுப்பதில் பாதி, விவசாயிக்குத் தினமும் கண்ணில் படுகிற விஷயம்தான்.

இரண்டு வருடத்தில் என்ன படிக்கிறார்கள்?

முழுநேர எம்.பி.ஏ. என்பது எந்தப் பட்டம் முடித்தவரும் சேரக்கூடிய இரண்டு வருடப் படிப்பு. பட்டப் படிப்பில் குறைந்தது 50 சதவிகித மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவிகிதம். முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம்: கணக்குப் பதிவு, பொருளாதாரம், புள்ளியியல், சந்தை, ஆட்களை நிர்வகிப்பது, உற்பத்தி. முதல் வருடம் முடிந்த விடுமுறையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு மாத அளவில் பயிற்சி. இரண்டாம் வருடத்தில்தான் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல கல்லூரிகளில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த கல்லூரிகளும் தருவது எம்.பி.ஏ. பட்டம். தனித்து இயங்கும் நிறுவனங்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதியோடு தருவது பி.ஜி.டி.எம். பட்டயம். பெயரை வைத்து உயர்வு தாழ்வு சொல்ல முடியாது. ஐ.ஐ.எம்.கள்கூட 2017-ல் தனிச் சட்டம் வரும்வரை பட்டயம்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. பார்க்க வேண்டியது அனுமதி இருக்கிறதா என்பதையும், யார் வந்து வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதையும்தான்.

சிறப்புப் பிரிவுகளில் அதிகம் பேர் எடுப்பது மார்க்கெட்டிங். உரக்கடையில் பை தோளில் மாட்டிக்கொண்டு, புது விதை ரகத்தைப் பற்றிப் பேசுகிற கம்பெனிக்காரரைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். அந்த வேலை இதில் வரும். வெயிலில் பைக்கில் அலைய வேண்டும், மாதாமாதம் இலக்கு உண்டு, இலக்கை எட்டாத மாதம் பேச்சும் உண்டு. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது கஷ்டம். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு சொத்து இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த ஊர் இது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, இல்லாவிட்டால் அதற்கு நேர்மாறு. திருத்தணியிலும் நகரியிலும் ஒரே மாதிரி பேசி வியாபாரம் முடிக்கிற ஆள், இரண்டு மாநிலத்திலும் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தேவைப்படுவார். விண்ணப்பத்தில் இதை ஒரு வரி எழுதுவதற்கே நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள்.

ஆபரேஷன்ஸ், லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் என்று பல பெயரில் வரும் பிரிவு, கரும்பு விவசாயிக்கு மிக எளிதாகப் புரியும். திருவாலங்காடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் இருந்து கட்டிங் ஆர்டர் எப்போது வரும், வெட்டு ஆள் கிடைப்பார்களா, லாரி எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்கும் என்ற கவலை எல்லாம் அந்தப் பாடத்தின் உள்ளே இருப்பவை. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். எந்த வயலை எந்த நாளில் வெட்டினால் ஆலையும் நிற்காது, கரும்பும் காயாது என்று திட்டமிடுவதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டி என்று சுற்றிலும் தொழிற்சாலைகள் இருப்பதால், இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தும்.

மனிதவளம் அதே தொழிற்சாலைகளில் ஆள் எடுப்பது, சம்பளம், பி.எஃப்., தொழிலாளர் சட்டம் பார்ப்பது. மார்க்கெட்டிங் அளவுக்கு இடங்கள் இருக்காது. நிதிப் பிரிவு பி.காம். படித்தவர்களுக்குத் தொடர்ச்சியாக இருக்கும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பொதுத்துறை வங்கி அதிகாரித் தேர்வுக்கு எம்.பி.ஏ. தேவையில்லை, ஏதாவது ஒரு பட்டம் போதும். வங்கி வேலைதான் குறிக்கோள் என்றால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கட்டுவதற்குப் பதில் ஒரு வருடம் அந்தத் தேர்வுக்கு உட்கார்ந்து படிப்பது மேல். பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவருக்கு வங்கிகளில் வேளாண் அலுவலர் பணிக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது. அனலிட்டிக்ஸ் என்று இப்போது எல்லாக் கல்லூரியும் விளம்பரம் செய்கிறது. கணக்கில் பயம் இல்லாதவர் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

விவசாயிகள் சம்பளம் கொடுத்த மேலாளர்

வேளாண் வணிகம், ஊரக மேலாண்மை என்ற பிரிவுகள் விவசாயக் குடும்பத்துக்கு நெருக்கமானவை. இவை எப்படிப் பிறந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் படிப்பின் பயனும் புரிந்துவிடும்.

குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-ல் கூட்டுறவு அமைத்தார்கள். பால் இருந்தது, ஒற்றுமை இருந்தது. இயந்திரத்தையும் கணக்கையும் விற்பனையையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 1949-ல் ஆனந்த் ஊருக்கு அரசுப் பணியாக வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகனில் மேற்படிப்பு முடித்தவர். விட்டுப் போகத் துடித்தவரை திரிபுவன்தாஸ் நிறுத்திக்கொண்டார். அந்தக் கூட்டுறவுதான் பின்னால் அமுல் ஆனது. நிறுவனம் விவசாயிகளுடையது, குரியன் அவர்களிடம் சம்பளம் வாங்கிய மேலாளர்.

கூட்டுறவுகள் நாடு முழுவதும் பரவியபோது அதே சிக்கல் பெரிதாக வந்தது. ஒரு குரியன் இருந்தார், நூறு பேர் எங்கே கிடைப்பார்கள்? 1961-ல் தொடங்கிய அகமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம்.களில் படித்து வந்தவர்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போனார்கள். பால் சங்கத்துக்கு வர ஆள் இல்லை. அதனால் 1979-ல் ஆனந்த்திலேயே ஊரக மேலாண்மைக்கென்று ஒரு நிறுவனத்தைக் குரியன் உருவாக்கினார். இர்மா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே சேரும் மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்க வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருந்தது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக மாறியிருக்கிறது.

வேளாண் பட்டதாரிகளுக்கு ஐதராபாத்தில் மேனேஜ் நிறுவனம் 1996 முதல் வேளாண் வணிக மேலாண்மைப் படிப்பை நடத்துகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. வேளாண் வணிகம் உண்டு. ஜெய்ப்பூரில் தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் நிறுவனம், புனேயில் வைகுந்த் மேத்தா கூட்டுறவு மேலாண்மை நிறுவனம், அகமதாபாத், லக்னோ ஐ.ஐ.எம்.களில் உணவு மற்றும் வேளாண் வணிகத்துக்கான தனிப் படிப்புகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றுக்கு கேட் தேர்வு மதிப்பெண் வேண்டும்.

இவ்வளவு படித்தவர் பள்ளிப்பட்டுக்குத் திரும்பி வருவாரா என்று கேட்டால், உடனே வரமாட்டார். விதை, பூச்சிமருந்து, டிராக்டர், உணவுப் பதப்படுத்தல், வங்கி என்று வெளியில் சம்பளம் அதிகம். வந்தால் அவருக்கு இங்கே வேலை இருக்கிறதா என்றால், நிறைய இருக்கிறது. 2025 பருவத்தில் சித்தூர்ப் பக்கம் தோத்தாபுரி மாங்காய்க்கு விலை விழுந்தபோது நடந்ததை எல்லைக்கு இந்தப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேலே 4 ரூபாயை அரசு தரும் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. ஆலையில் தேங்கியிருக்கும் பழைய கூழ் எவ்வளவு, ஏற்றுமதி ஆர்டர் எப்படி இருக்கிறது என்று மார்ச் மாதமே விசாரித்து, தோப்புக்காரர்களிடம் சொல்லி, பத்து ஊர் மாங்காயைச் சேர்த்து ஒரே விலை பேசுகிற ஆள் இருந்தால் நிலைமை கொஞ்சமாவது மாறும். அந்த ஆள் செய்வதுதான் மேலாண்மை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அந்த இடத்துக்காகத்தான் ஏற்பட்டன. 10,000 நிறுவனங்கள் என்ற மத்திய அரசின் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது. இதில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி. முதன்மைச் செயல் அலுவலர் சம்பளமாக மாதம் 25,000 ரூபாய் வரை அதில் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடம் முடிந்த பிறகு சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பல நிறுவனங்களிடம் பதில் இல்லை. ஐதராபாத்திலோ ஆனந்த்திலோ படித்தவரை 25,000 ரூபாயில் நிறுத்தி வைக்க முடியாது என்பதும் உண்மை. உள்ளூர்ப் பிள்ளை, வீட்டுச் சாப்பாடு, கொஞ்சம் நிலம் என்று இருந்தால் நிற்கலாம். உறுப்பினர்கள் உரத்தையும் விதையையும் தங்கள் நிறுவனத்திலேயே வாங்கி, விளைச்சலையும் அதன் வழியாகவே விற்றால்தான் அந்தச் சம்பளம் நான்காவது வருடமும் வரும்.

கடன் கணக்கு

கட்டணமும் விடுதியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க் கல்விக் கடன், 10 சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பாதியாக வங்கி கொடுக்கும். படிக்கும் இரண்டு வருடமும், முடித்து ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தனி வட்டியாகக் கணக்கிட்டாலும் அந்த மூன்று வருடத்தில் 1,25,000 ரூபாய் ஏறி, கடன் 6,25,000 ஆகிவிடும். அதை ஏழு வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 10,400 ரூபாய். பிள்ளைக்கு முதல் சம்பளம் 20,000 ரூபாய் என்றால் பாதி போய்விடும், சென்னையில் வாடகையும் சாப்பாடும் மீதியில். 35,000 வந்தால் தாங்கும். ஆகவே, கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன வருடம் முடித்தவர்கள் கையில் மாதம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதுதான்.

அங்கே ஒரு கண்ணி உண்டு. "வருடத்துக்கு 4,20,000 சி.டி.சி." என்பார்கள். பன்னிரண்டால் வகுத்து 35,000 என்று சந்தோஷப்படக் கூடாது. நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கும். கல்லூரிச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளத்தைக் கேளுங்கள். அலுவலக அறையில் கேட்பதைவிட, வாசலில் டீக்கடையில் நிற்கும் இரண்டாம் வருட மாணவர்களைக் கேட்பது நல்லது. "எல்லோருக்கும் வேலை" என்று சொல்லிவிட்டு, கமிஷனுக்குக் காப்பீடு விற்கும் வேலையைக் காட்டுகிற கல்லூரிகளும் இருக்கின்றன.

நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டிய அவசியம் பலருக்கு இல்லவே இல்லை. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பெற்றோர் கையெழுத்தே போதும், பிணை கிடையாது. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் கேட்கலாம். அதற்கு மேல் போனால்தான் சொத்துப் பிணை. தேசியத் தரவரிசையில் உள்ள நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையோ உத்தரவாதமோ இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டி மானியமும் சேரும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடைக்காது.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்விக்கு, படிப்புக் காலமும் அடுத்த ஒரு வருடமும் முழு வட்டியையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஒரு முறைதான். பி.இ. படிக்கும்போதே அந்தச் சலுகையைப் பயன்படுத்திவிட்டால் எம்.பி.ஏ.வுக்கு மறுபடி கிடைக்காது. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டுவிட்டுப் பின்னால் தவிக்கிறவர்கள் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக ஜனவரியில் விண்ணப்பம், மார்ச் வாக்கில் தேர்வு. கேட் தேர்வுக்கு ஆகஸ்டிலேயே பதிவு தொடங்கி நவம்பர் கடைசியில் தேர்வு முடிந்துவிடும். கடைசி வருடத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கும் மாணவரும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் பள்ளிப்பட்டு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. கலந்தாய்வு தேதி வந்த பிறகு ஓடினால், அந்த வாரம் பார்த்து சர்வர் வேலை செய்யாது.